பாட் விற்ற ஏவிஸ்

ஏவிஸ் பார்டிக்கு யாரிடமும் பணிந்து பேசிப் பழக்கமில்லை. நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் தென்கரையில் சிங்கி இறால் பிடிக்கிறவள். சொந்தப் படகு, படகை விடப் பெரிய வாய். கட்டியவன் பெட்டியைத் தூக்கியபோது, "படகுச் சாவிய வச்சிட்டுப் போ" என்று மட்டும் சொன்னவள்.

குடாவின் ஓரத்தில் ஒரு கம்பெனி சால்மன் மீன் வளர்க்கக் கூண்டுகள் போட்டது. அடியில் கழிவு படிந்து இறால் விலகிப் போயிற்று. கம்பெனியோ அதெல்லாம் கட்டுக்கதை என்றது. இன்னொரு பண்ணைக்கும் மனுப் போட்டது. அதுவும் வந்துவிட்டால் ஊர் பிழைப்புக்கு வேறு கரை தேட வேண்டியதுதான்.

முதல் கூண்டுப் பேச்சு கிளம்பிய நாளிலேயே ஏவிஸ் கயிற்றில் கேமராவைக் கட்டி இறக்கியிருந்தாள். கூண்டு வருமுன் சுத்தமாகக் கிடந்த கடலடியையும், வந்தபின் நாறிய கடலடியையும் இரண்டு வருடம் படம் பிடித்திருந்தாள். படங்கள் ஒரு பெரிய இணையக் கம்பெனியின் இலவசக் கணக்கில் தானாகவே ஏறின. 'எங்களிடம் பத்திரமாக உள்ளது, கைப்பேசியில் அழித்துவிடலாமா?' என்று அது கேட்கும்போதெல்லாம் சரி என்றாள்.

புதுப் பண்ணை மனுமீது நடக்கவிருந்த விசாரணைக்கு முந்தின வாரம் கணக்கு பூட்டிக்கொண்டது. போதைப்பொருள் விற்றாளாம்!

அந்தக் கரையில் இறால் பிடிக்கக் கடலில் இறக்கும் பொறிக்கூட்டுக்குப் பெயர் பாட். கஞ்சாவுக்கும் ஆங்கிலக் கொச்சையில் அதே பெயர். பழைய கூடுகளைத் தள்ளிவிட, 'நல்ல பாட் அறுபது இருக்கிறது, இருட்டினாலும் வாங்க' என்று அதே கணக்கிலிருந்து கரையெல்லாம் எழுதி அனுப்பியிருந்தாள். இணையக் கம்பெனியின் இயந்திரம் அதைப் படித்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டது.

படகில் கூட வேலை செய்யும் தம்பி கார்ஃப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அக்கா, சரக்கு எப்படி, நல்லா ஏறுமா?"

"வாய மூடுறா எருமை. படமெல்லாம் அதுக்குள்ளதான்டா இருக்கு!"

அவன் சிரிப்பு நின்றது.

முறையிட்டாள். மறுபரிசீலனை செய்தோம், முடிவில் மாற்றமில்லை என்று நிமிடத்தில் பதில் வந்தது. திட்டுவதற்குக்கூட அந்தப் பக்கம் ஒரு மனிதர் இல்லை.

"கரடிகிட்ட கத்தினாக்கூட ஒரு தடவ திரும்பிப் பாக்கும்" என்றாள். "தானத்துக்கு வந்த மாடுன்னு பல்லப் பாக்காம விட்டேன். குடல உருவிடுச்சு. போகட்டும். கயித்த எடு, கெளம்பு."

விசாரணை தேவாலயக் கூடத்தில் நடந்தது. ஊரே வந்திருந்தது. மீன் கம்பெனி வக்கீல் மென்மையாகக் கேட்டார்: "படம் இருக்குன்னு சொன்னீங்களே, எங்கம்மா?"

ஏவிஸ் ரப்பர் பூட்ஸோடு நடந்து போய், அன்று காலை கூண்டுக்கடியிலிருந்து இழுத்த பாட் ஒன்றை மேசைமேல் பொத்தென்று வைத்தாள். கறுப்புச் சேறு காகிதங்கள்மேல் வழிந்தது. கூமுட்டை நாற்றம். விசாரணைத் தலைவி லெக்ரோ மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மோந்து பாருங்க. இதுக்கு பாஸ்வேர்டு வேண்டாம்."

வக்கீல் அசரவில்லை. "கூண்டு வர்றதுக்கு முன்னாடியும் அங்க இப்படித்தான் இருந்திருக்கலாமே?"

அடி சரியான இடத்தில் விழுந்தது. முன்பு எடுத்த படங்கள்தான் அதற்குப் பதில். அவை இனி வரப்போவதில்லை. ஏவிஸ் கூடத்தின் பக்கம் திரும்பினாள்.

"கூண்டு வர்றதுக்கு முன்னாடி அந்த எடத்துல பாட் போட்டு, சேறில்லாம இழுத்தவங்க யாரு? எந்திரிங்க."

முதலில் கார்ஃப் எழுந்தான். பிறகு வரிசை வரிசையாக நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஏவிஸோடு நாலு வருடமாகப் பேசாத மேபல் கூட எழுந்து நின்றாள்.

லெக்ரோ மூக்கிலிருந்து கையை எடுத்தார். "ஒவ்வொருத்தரா வாங்க. சத்தியம் பண்ணிச் சொல்லுங்க, எழுதிக்கிறோம்."

ஏவிஸ் வக்கீலைப் பார்த்தாள்.

"இத்தன வாயையும் இப்ப பூட்டச் சொல்லு பாப்போம்."