கரை வைத்த காத்தாடி

போன ஞாயிற்றுக்கிழமை மகளின் பள்ளியில் காத்தாடித் திருவிழா. காத்தாடி, நூல், வால் எல்லாம் ஒட்டித் தயாராக ஒரு பெட்டியில் வந்துவிட்டது. கூடவே, இதனால் குழந்தைக்குப் பொறுமை வளரும், தன்னம்பிக்கை வளரும் என்று அச்சடித்த ஒரு தாள். அந்தப் பொறுமையையும் பெட்டியிலேயே போட்டுக் கொடுத்திருக்கலாம். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

பெட்டியைத் திறந்ததும் பசை வாசனை. சின்ன வயதில் எங்களுக்குப் பசை என்றால் தறிப் பாவுக்குப் போட்டது போக மிஞ்சிய அரிசிக் கஞ்சிதான். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் விடிந்ததும் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். சட்டியில் ஒட்டியிருப்பதை நானும் பக்கத்து வீட்டுச் செல்வியும் வழித்துக்கொண்டு ஓடுவோம். அந்தப் புளிப்பு நாற்றம் லேசில் கையை விட்டுப் போகாது.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இல்லையா, கரை இல்லாத எதுவும் எங்கள் கண்ணுக்கு முடிந்த பொருளாகவே தெரியாது. முதல் காத்தாடிக்கு இரண்டு பக்கமும் சிவப்புக் காகிதத்தில் அகலக் கரை வைத்தோம். வாலுக்குப் பதில் ஜிகினா ஒட்டிய முந்தானை. அழகென்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் கூரையைத் தாண்டி எழும்பவில்லை.

"இன்னாபா இது, காத்தாடியா, கல்யாணப் பொடவையா?" என்று அடுத்த தெருப் பையன்கள் கத்தினார்கள்.

முந்தானையைப் பிய்த்துவிட்டு, ஒரு பக்கக் கரையையும் கிழித்தேன். தலைகுப்புறச் சுழன்று விழுந்தது.

"இன்னொன்னையும் கிழிச்சிடலாம், செல்வி."

"மாட்டேன் போடா, அது நான் ஒட்டினது!"

எங்கள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே அவளே கிழித்தாள். பழந்துணியில் மெல்லிய வால் கட்டினோம். சாயங்காலக் காற்றில் காத்தாடி தெருவுக்கு மேலே போய் நின்றது. "இழுக்குதுடா! கையை இழுக்குதுடா!" என்று அவள் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது.

பள்ளி மைதானத்தில் ஓடியதெல்லாம் அப்பாக்கள்தான். நானும்தான். மகளின் காத்தாடி குட்டிக்கரணம் போட்டதும், "இரும்மா, அப்பா சரி பண்ணித் தரேன்" என்று பிடுங்கி, முடிச்சை அவிழ்த்துக் கட்டி, அத்தனை அப்பாக்களின் காத்தாடிக்கும் மேலே ஏற்றினேன். அப்படியொரு பெருமை எனக்கு.

"அப்பா, நான் எப்பப்பா புடிக்கிறது?"

எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ. நூலை அவள் கையில் கொடுப்பதற்குள் காற்று நின்றுவிட்டது.

செல்வி வாசலில் அழுதபோது என் அப்பா உள்ளே தறியில்தான் இருந்தார். ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து நெய்யத் தொடங்கிவிட்டார். எங்கள் தெருவில் தறிச் சத்தம் இன்னும் கேட்கிறது. எட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் தன் வேலையைப் பார்க்கப் போகிற அப்பாக்கள்தான் இப்போது இல்லை. என் மகளுக்கும் அப்படி ஓர் அப்பா இல்லை.