ஒருமுறை தேடிவிட்டுப் போனவர்கள்

“ஒரு தடவ தேடிட்டுப் போயிட்டாங்கன்னா, வேண்டியது கெடைச்சிடுச்சுன்னு அர்த்தம்” என்றார் எங்கள் மேலாளர். சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தார். அந்த வாக்கியத்தின் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் தணியவில்லை.

கேளம்பாக்கத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம். ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் இணைய உதவிப் பக்கங்களை நாங்கள் பராமரிக்கிறோம். கார்டு தொலைந்தால் என்ன செய்வது, எந்த மருத்துவமனையில் அது செல்லும், பணம் திரும்பி வர என்னென்ன காகிதம் வேண்டும் என்று நிறையக் கட்டுரைகள் ஆங்கிலத்திலும் கொஞ்சம் தமிழிலும் உண்டு. மேலே ஒரு தேடல் கட்டம். மக்கள் அதில் என்ன தேடுகிறார்கள், எதைத் திறக்கிறார்கள், எது கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்று பார்த்து, எந்தக் கட்டுரையைத் திருத்த வேண்டும், எதைப் புதிதாக எழுத வேண்டும் என்று மாதாமாதம் அறிக்கை தருவது என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இந்த வேலையை எவருடைய சிபாரிசும் இல்லாமல் வாங்கினேன். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

அறிக்கையில் இரண்டு நிறங்கள். எனக்கு முன்னாலேயே யாரோ வகுத்துவிட்டுப் போன விதி அது. ஒரே ஆள் சொல்லை மாற்றி மாற்றித் தேடினால் அவருக்குப் பதில் கிடைக்கவில்லை என்று சிவப்பு. ஒருமுறை தேடிவிட்டு நிறுத்திவிட்டால் கிடைத்துவிட்டது என்று பச்சை. ஆங்கிலப் பகுதி எப்போதும் சிவந்து கிடக்கும். அதனால் அங்கே புதுக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கும். தமிழ்ப் பகுதி பச்சைப் பசேலென்று இருக்கும். அதனால் அங்கே யாரும் எதையும் எழுதுவதில்லை.

அந்தப் பச்சையைப் பார்த்துப் பார்த்துக் காப்பீட்டு நிறுவனத்துக்காரர்களுக்கு ஒரு யோசனை வந்தது. தமிழில் தேடுகிறவர்கள் எல்லோரும் இவ்வளவு திருப்தியாக இருக்கும்போது, தமிழில் பேசுவதற்கென்று தனியாக ஒரு தொலைபேசி உதவி எண் எதற்கு? எடுத்துவிடலாம். அதற்கு ஆதாரம் எங்கள் அறிக்கை.

நிறத்தை விட்டுவிட்டு, தேடிய சொற்களைப் படித்தேன். தமிழில் தேடுகிறவர்களில் பலர் தட்டச்சு செய்வதில்லை. மைக்கை அழுத்திப் பேசிவிடுகிறார்கள். பேசியது அப்படியே எழுத்தாகி எங்களிடம் வந்து சேரும். அதில் ஒன்று: “அப்பாவ ஆஸ்பத்திரில சேத்துட்டோம் கார்டு செல்லாதுன்றாங்க இன்னா பண்றது.”

எங்களிடம் அதற்குப் பதில் இருந்தது. ‘பணமில்லாச் சிகிச்சைக்கான முன் அனுமதி மறுப்பு’ என்ற தலைப்பில் இருந்தது. எங்கள் தேடல் கட்டம் தலைப்பை மட்டும்தான் பார்க்கும். அந்தத் தலைப்பில் அவர் பேசிய சொல் ஒன்றுகூட இல்லை. ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்று பக்கம் கையை விரித்தது. அவர் போய்விட்டார். திரும்பத் தேடவில்லை. பச்சை.

ஏன் திரும்பத் தேடவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் யாரும் இரண்டாவது முறை கேட்பதில்லை. நான் சிறுமியாக இருந்தபோது, காய்ச்சல் என்று இரும்புலியூரிலிருந்து தாம்பரத்தில் ஒரு மருத்துவமனைக்கு அம்மா என்னை அழைத்துப் போனாள். சீட்டு கொடுக்கிற இடத்தில், எந்த டாக்டரைப் பார்ப்பது என்று கேட்டாள். உள்ளே இருந்தவர் தலையைத் தூக்காமல் “அங்க போம்மா” என்றார். எங்கே என்று கையைக்கூடக் காட்டவில்லை. அம்மா நகர்ந்து வந்து சுவரோரம் நின்றாள்.

“திரும்பக் கேளும்மா” என்றேன்.

“ஒரு தபா கேட்டாச்சில்ல. இன்னொரு தபா போனா நாலு பேர் எதிர்ல பேஜார் பண்ணுவான். படிக்காதது வந்து நிக்குது பாருன்னுவான். கம்முனு வா, மருந்துக் கடையில கேட்டுக்கலாம்.”

அன்று அந்த வாசலில் யாராவது எங்களைக் கணக்கெடுத்திருந்தால் பச்சை என்றுதான் போட்டிருப்பார்கள். ஒரு கேள்வி கேட்டார்கள், புகார் சொல்லவில்லை, கிளம்பிவிட்டார்கள். ரேஷன் கடை, தாலுகா அலுவலகம், என் பள்ளிக்கூடத்து அலுவலக அறை என்று எல்லா இடத்திலும் என் பெற்றோர் இப்படித்தான் பச்சையாக இருந்திருக்கிறார்கள். மறுபடி மறுபடி கேட்க வேண்டுமானால், கேட்டால் மரியாதையாகப் பதில் வரும் என்று முதலில் பழகியிருக்க வேண்டும். அப்படிப் பழகியவர்களின் எரிச்சலை நாங்கள் குறை என்று எழுதிக்கொண்டு உடனே ஓடுகிறோம். பழகாதவர்கள் பேசாமல் போனால் திருப்தி என்று எழுதிவிடுகிறோம்.

மேலாளரிடம் இதைச் சொன்னேன். அவர் அஸ்தினாபுரத்துக்காரர். கெட்டவர் இல்லை, நான் கேட்ட லீவை ஒருநாளும் மறுத்ததில்லை.

“இது டேட்டாம்மா. உன் ஃபீலிங்ஸ கொண்டுவந்து இதுல கலக்காத.”

“சார், கீழ லிஃப்ட் வரலன்னா நீங்க எத்தன தடவ பட்டன அமுக்குவீங்க?”

“வர்ற வரைக்கும் அமுக்குவேன்.”

“எங்கம்மா ஒரு தடவ அமுக்கிட்டுப் படியில ஏறிடுவாங்க. அவங்களுக்கு லிஃப்டே தேவையில்லன்னு எழுதுவீங்களா?”

பக்கத்து இருக்கைக்காரன் தன் நண்பனிடம், “மச்சான், மேடம் கட்சி ஆரம்பிச்சிட்டாங்க. கொடி ரெடி பண்ணு” என்றான்.

“பண்ணு. பச்சை கலர் மட்டும் வேணாம்” என்றேன். இருவரும் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை.

“இத்தன மாசமா பச்சைன்னு சொல்லிட்டோம். இப்பப் போய் செவப்புன்னா, இவ்ளோ நாள் என்னய்யா பாத்தீங்கன்னு கேப்பாங்க. அப்ப நம்ம கான்ட்ராக்ட் என்ன ஆகும், சொல்லு.”

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நான் சொன்னது தவறு என்று அவர் சொல்லவே இல்லை.

நிறத்தை மாற்றச் சொல்லி மறுநாள் மறுபடி கேட்டேன். “நேத்தே சொன்னேன்ல” என்றார். “சொன்னீங்க சார். அதான் திரும்பக் கேக்கறேன்” என்றேன். தேடிவிட்டு எந்தக் கட்டுரையையும் திறக்காமல் போனவர்களை மட்டும் தனியாகப் பிரித்து அவரிடம் காட்டினேன். தமிழ்ப் பகுதியின் பச்சையில் பெரும்பகுதி அவர்கள்தான். அடுத்த நாளும் கேட்டேன். வண்டலூர் வழியாக வருகிற பேருந்தில் நின்றபடி, அன்றைக்கு எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே வருவேன். ஒவ்வொரு முறையும் அவர் அறை வாசலில் காது சுடும். நானும் அம்மாவின் மகள்தானே.

கடைசியில் என் தொல்லை தாங்காமல் ஒரு வழி சொன்னார். தமிழ் உதவி எண்ணை எடுப்பதற்கு முன் ஒரு மாதம், முடிவுகள் இல்லை என்று வருகிற பக்கத்தில் அதைப் போட்டுப் பார்க்கலாம். “யாரும் கூப்பிடலன்னா இந்தப் பேச்ச விட்டுடணும்.” அதுவரை அந்த எண் முகப்புப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. நான் பெரிதாகப் போட்டேன். ‘தேடியது கிடைக்கவில்லையா? எங்கள் தவறு. கூப்பிடுங்கள்’ என்று மேலே எழுதினேன். ‘எங்கள் தவறு’ என்பதை எடுத்தால்தான் அனுமதி என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன்.

தொலைபேசி ஓயவில்லை. உதவி எண்ணில் பேசுகிற அக்கா எங்கள் மாடியிலேயே உட்காருகிறவர். சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா பண்ணி வச்சிக்கீற நீ? டப்பாவத் தொறக்க வுட மாட்றாங்க. அவனவன் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுகினு பேசறான்.”

திட்டத்தான் செய்தார். ஆனால் அந்த எண் போயிருந்தால் அவர் வேலையும் கூடவே போயிருக்கும் என்பது இருவருக்கும் தெரியும். “நாளைக்கும் தொறக்க வுட மாட்டாங்கக்கா” என்றேன்.

எண் தப்பியது. மக்கள் பேசுகிற சொற்களிலேயே கட்டுரைகளுக்குத் தலைப்பு வைக்கவும் அனுமதி வந்தது. ‘கார்டு செல்லாது என்கிறார்கள், என்ன செய்வது?’ என்பதுதான் நான் மாற்றிய முதல் தலைப்பு.

ஆனால் பழைய அறிக்கைகளை யாரும் திருத்தவில்லை. அப்பாவைச் சேர்த்துவிட்டு, கார்டு செல்லாமல் நின்ற அந்த மனிதர் அவற்றில் இன்னும் ஒரு திருப்தியான வாடிக்கையாளர். அவருடைய அப்பா என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அந்தப் பச்சையையாவது அவர் மேலிருந்து எடுங்கள் என்று கேட்டேன்.

“முடிஞ்சு போன மாசத்தத் தோண்டி என்னம்மா ஆகப்போகுது? போய் வேலையப் பாரு” என்றார் மேலாளர்.

போய் வேலையைப் பார்த்தேன். இந்த மாத அறிக்கையைக் கொடுக்கும்போது மறுபடி கேட்டிருக்கிறேன்.