நான்கு விரல் ஆழம்

தாயில்பட்டிக்கு மேற்கே, வெடிக் கம்பெனியின் கம்பிவேலி முடியும் இடத்தில் செல்லப்பாண்டிக்கு மூன்று ஏக்கர் கரிசல் புஞ்சை இருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வேளாண்மைத் துறைத் துண்டறிக்கைகளை வாசித்தே மண்ணைக் கற்றுக்கொண்டார். விரல் அளவுகள் கீறிய இரும்புக் கம்பி ஒன்று வைத்திருந்தார். மழை பெய்த மறுநாள் அதை மண்ணில் இறக்கி எடுத்து, ஈரமண் ஒட்டியிருக்கும் உயரத்தைத் தேதியோடு நோட்டில் குறிப்பார். தீர்வை ரசீது முதல் விருதுநகர் போய்வந்த பஸ் டிக்கெட் வரை எல்லாம் அவரது தகரப்பெட்டியில் இருந்தன.

அந்தக் கரிசலில் மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பது வழக்கம். மழை விழுந்துவிட்டால் சேறு காலைப் பிடித்துக்கொள்ளும், மாடு இறங்காது. 2003 புரட்டாசியில் மற்றவர்கள் இரண்டு விரல் ஆழத்தில் சோளம் விதைத்தார்கள். செல்லப்பாண்டி நான்கு விரல் ஆழத்தில் விதைத்தார். தூறலுக்கு முளைத்து வெயிலுக்குச் சாகாமல், நல்ல மழை உள்ளே இறங்கிய பிறகே விதை முளைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஒரு தூறல் விழுந்தது. மற்றவர் புஞ்சைகள் பச்சை கட்டின. பக்கத்துப் புஞ்சைக்காரன் ரத்தினசாமி வரப்பில் நின்று சிரித்தான்.

“என்ன அண்ணாச்சி, உங்க வெதை மாப்பிள்ளை முறுக்குல இருக்கோ? வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமோ?”

அந்த வாரம்தான் கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் எனும் சாகுபடிப் பதிவேட்டில் பயிர் பதிய வந்தார். பச்சை தெரிந்த இடங்களைச் சோளம் என்றும், செல்லப்பாண்டியின் புழுதியைத் தரிசு என்றும் எழுதிப் போனார். பிறகு பெய்த ஒரு மழையில் அவர் விதையும் முளைத்தது. அதோடு மழை அற்றுப்போக, ஊர் முழுக்கப் பயிர் கருகியது. கருகிய பயிருக்கு ஈடாக அரசின் மறுவிதைப்புச் சோளம் இலவசமாக வந்தபோது, தரிசுக்காரர் பெயர் பட்டியலில் இல்லை.

செல்லப்பாண்டி கருகிய பயிரில் சிலவற்றைப் பிடுங்கிக் காகிதத்தில் மடித்து, நோட்டோடு அலுவலரிடம் எடுத்துப் போனார்.

“நான் பாக்கும்போது உம்ம காட்டுல ஒரு புல்லுகூட இல்லையே. புழுதியப் பயிருன்னு எழுதச் சொல்றீரா?” என்றார் அலுவலர்.

“வெதை உள்ள கிடந்துச்சு சார். நோட்டுல தேதி இருக்கு, பாருங்க.”

“உம்ம நோட்டு உமக்கு. என் நோட்டு கவர்மெண்டுக்கு.”

ஏழு மனுக்கள் எழுதினார். ஏழு ஒப்புகைச் சீட்டுகள் பெட்டிக்குள் சேர்ந்தன.

மறு புரட்டாசிக்கு அவரிடம் இருந்தது, மனைவி முத்துப்பேச்சி தன் அண்ணன் வீட்டிலிருந்து வாங்கிவந்த விதை மட்டுமே.

“இதும் போச்சுன்னா நான் கம்பெனி வேன்ல ஏற வேண்டியதுதான்” என்றாள். வேலிக்கு அப்பால், சித்திரையில் வெடித்த அறையின் சுவர் கரிபிடித்து நின்றது.

அவர் இரண்டு விரல் ஆழத்தில் விதைத்தார்.

“போன வருசம் நாலு விரல்னு ஒத்தைக்கால்ல நின்னீகளே?” என்று கேட்டாள் முத்துப்பேச்சி.

“போன வருசம் மண்ணுக்கு வெதைச்சேன். இந்த வருசம் அடங்கலுக்கு.”

தூறல் விழுந்தது, பச்சை கட்டியது, அலுவலர் வந்தார். ‘சோளம், மூன்று ஏக்கர்’ என்று எழுதினார். செல்லப்பாண்டி முத்திரையோடு நகல் வாங்கினார். அன்று கம்பியில் மூன்று விரல் ஈரம்தான் ஒட்டியது. அதற்குக் கீழே மண் காய்ந்து கிடந்தது. அதையும் எழுதிவைத்தார்.

பதினெட்டு நாள் வெயிலில் அத்தனையும் கருகியது. ஐப்பசிக் கடைசியில் நல்ல மழை பெய்தது. மாவட்டமெங்கும் ஈரம் என்பதால் அந்த ஆண்டு மறுவிதைப்புப் பேச்சே எழவில்லை. ரத்தினசாமியின் புஞ்சையில் சோளம் வரிசை பிடித்து முளைத்தது.

“உங்க கணக்குத்தான் அண்ணாச்சி. நாலு விரல்” என்றான். இம்முறை அவன் சிரிக்கவில்லை.

கார்த்திகை முதல் திங்கட்கிழமை முத்துப்பேச்சி தூக்குச்சட்டியோடு வேனில் ஏறினாள். வேன் வளைவைத் தாண்டியதும் செல்லப்பாண்டி புஞ்சைக்குப் போய்க் கம்பியை இறக்கினார். அது தடையில்லாமல் இறங்கியது. எடுத்துப் பார்த்தார், முழுக்க ஈரமண். தேதி எழுதி, ‘பதினெட்டு விரல்’ என்று குறித்தார்.

விதைக்க ஒரு மணியும் இல்லை. அடங்கல் நகலில் மட்டும் மூன்று ஏக்கர் சோளம் நின்றது.