கண்ணாடியில் இருந்த ஆள்

முடிதிருத்தும் கடைக்காரருக்கு எங்கள் தெருவில் ‘ரேடியோ’ என்றுதான் பெயர். கத்தரி நின்றாலும் வாய் நிற்காது. “பேச்சு குடுத்தாத்தான் தலை ஆடாது” என்பது அவர் தொழில் ரகசியம். அவரையே வாயை மூடச் சொல்லும் நிலை எனக்கு வந்தது.

காரணம் என் அக்கா மகன். ஆட்டிசம் உள்ள பிள்ளை. முடிவெட்டும் மெஷின் சத்தம் கேட்டாலே அலறுவான். அதனால் அவன் தூங்கும்போது அக்கா முடி வெட்டிவிடுவாள். ஒருநாள் அதைக் கண்டுபிடித்துவிட்டான். அன்றிலிருந்து தூங்கவே பயந்தான். கண் சொருகினால் இரு கையாலும் தலையைப் பொத்திக்கொள்வான்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். படித்தது சிறப்புக் கல்வி. நடக்கப்போவதை முன்பே வீடியோவில் காட்டினால் பயம் குறையலாம் என்று படித்திருந்தேன். படிப்பு வீட்டுக்குள் வேலை செய்யுமா என்பதுதான் சந்தேகம்.

ரேடியோவிடம் என் தலையையே கொடுத்தேன். இருவர் முகமும் தெரியும்படி செல்போனை முன்னால் நிறுத்தி, செல்ஃபி கேமராவில் எடுத்தேன்.

“இருமக்கூடக் கூடாதா தம்பி?”

“கூடாதுண்ணே. கடைசியில ‘முடிஞ்சுது ராசா’ன்னு மட்டும் சொல்லுங்க.”

“இந்த வீடியோவ என் பொண்டாட்டிகிட்ட காட்டிடாத. தினமும் இப்படியே இருக்கச் சொல்லுவா.”

மருமகன் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். அலறல் இல்லை. கடைக்கு அழைத்துப் போனோம்.

கண்ணாடி மிரட்டும் என்று ரேடியோ நாற்காலியை வாசல் பக்கம் திருப்பி வைத்திருந்தார். மெஷினோடு முன்னால் வந்தார்.

“வேற! வேற!” என்று கத்தினான் பையன்.

“நான் சொன்னேன்ல, ஆகாதுன்னு” என்றாள் அக்கா. ஆனால் அவன் இறங்கி ஓடவில்லை. கழுத்தை வளைத்துப் பின்னால் பார்த்தான்.

“தம்பி, இவன் என்னைப் பார்க்கல. கண்ணாடிக்குள்ள இருக்கிறவனைப் பார்க்கிறான்” என்றார் ரேடியோ.

வீடியோவை மறுபடி ஓட்டினேன். செல்ஃபி கேமரா கண்ணாடியைப் போல இடவலம் மாற்றியிருந்தது. வலதுகைக்காரரான ரேடியோ அதில் இடது கையால் வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் கண்ணுக்கு அது உறுத்தவேயில்லை. அவனுக்கோ இவர் வேறு ஆள். அடம் என்று நாங்கள் விட்டுவிட்ட மற்ற நாட்களில் அவன் எதையெதைப் பார்த்திருப்பான்?

நாற்காலியைத் திருப்பினோம். கண்ணாடியில் அதே ஆள், அதே கை. மெஷின் ஓடியது. ரேடியோ உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பாதித் தலையில், “முடிஞ்சுது ராசா” என்று அவனே சொல்லிவிட்டு இறங்கினான்.

“மீதி?” என்றாள் அக்கா.

“முதலாளி சொன்னா முடிஞ்சுதுதாம்மா. நாளைக்கு வரட்டும்” என்றார் ரேடியோ.

அக்கா வீட்டுக்குத் திரும்பும் பேருந்திலேயே அவன் அக்கா மடியில் தூங்கிப்போனான். கைகள் தொங்கிக் கிடந்தன. வெட்டாத பாதியை அக்கா விரலால் ஒதுக்கினாள், அவ்வளவுதான்.