அசையாத எண்ணும் பிலோமினா அக்காவும்

பிலோமினா அக்கா இறந்த செய்தி எங்கள் ஆலையின் வாட்ஸ்அப் குழுவில், கேண்டீன் மெனுவுக்கும் காணாமல்போன ஒரு ஹெல்மெட்டுக்கும் நடுவில் வந்தது. யாரோ பழக்கத்தில் கட்டைவிரலை உயர்த்தினார். பிறகு அவசரமாக இறக்கிக்கொண்டார். நான் ஜார்ஜ்டவுனில் பசியாற உட்கார்ந்திருந்தேன். ரொட்டி சானாய் ஆறிப்போகும்வரை அந்த இரண்டு வரியையே படித்துக்கொண்டிருந்தேன். அக்கா ஓய்வு பெற்று ஓராண்டுகூட ஆகவில்லை.

பாயான் லெப்பாஸில் சிப் செய்யும் ஆலைகளுக்கு இடையில் ஒளிந்திருக்கும் எங்கள் மருந்து ஆலையில் அவர் ஆப்பரேட்டர். நான் அங்கே விதிமுறை எழுதுகிறவன். இயந்திரத்தை எப்படி இயக்க வேண்டும் என்று, இயந்திரத்தைத் தொடாமல் எழுதுவது என் வேலை. அதற்குத் தனி அறையும் குளிர்சாதனமும் தந்திருக்கிறார்கள்.

பெரிய கலன்களை அகற்றிவிட்டு, இடைவிடாமல் ஓடும் குழாய்முறைக்கு ஆலை மாறியபோது அதைப் பார்க்க விருந்தினர்கள் வந்தார்கள். அறைக்குள் நுழைந்தவர்கள், பென்சில் தடிமனில் சுருண்டிருந்த குழாய்களைப் பார்த்துவிட்டு, மருந்து எங்கே தயாராகிறது என்று கேட்டார்கள். மேலாளர் நாற்பது படங்களோடு விளக்கத் தொடங்கினார். இடையில் அவருக்கு ஒரு போன் வந்தது. அவர் பேசி முடிப்பதற்குள் அக்கா விளக்கி முடித்துவிட்டார்.

"முந்தி அண்டாவுல சமைச்சோம். இப்ப குழாயில சமைக்கிறோம். இந்தப் பக்கம் ரெண்டு ரசாயனம் போகுது, சூட்டுல கலக்குது, எட்டு நிமிஷத்துல அந்தப் பக்கம் மருந்தா வருது. அண்டாவுல தப்பு நடந்தா அண்டாவோட போச்சு. இதுல தப்பும் நிக்காம ஓடும் லா."

தைப்பூசத்தன்று எங்கள் ஷிஃப்டில் பாதிப் பேர் தண்ணீர்மலை முருகன் கோயிலில் இருப்பார்கள். அக்கா கத்தோலிக்கர் என்பதால் அன்று அவர் கட்டாயம் வேலைக்கு வருவார். கிறிஸ்துமஸுக்கு மற்றவர்கள் அவருக்காக வருவார்கள். நிர்வாகம் இதைச் செய்திமடலில் சமய நல்லிணக்கம் என்று எழுதியது. அக்கா, "ஷிஃப்ட் மாத்திக்கிட்டோம்" என்றார்.

அப்படி ஒரு தைப்பூச நாளில்தான் அந்தச் சம்பவம். காலையில் பம்ப் ஒரு தரம் விக்கியது. பம்ப் விக்கினால் கலவையின் அளவு மாறும். வெளியே வரும் மருந்தின் தரத்தைக் காட்டும் கருவியில் எண் கொஞ்சமாவது ஏறி இறங்க வேண்டும். எட்டு நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. எண் கடைசிப் புள்ளிவரை அப்படியே நின்றது. "எண் நிலையாக இருக்கும்வரை மருந்தைச் சேகரிக்கலாம்" என்பது விதிமுறை. அந்த வாக்கியம் என்னுடையது. திரை உறைந்துபோனால் எண் மிகமிக நிலையாக இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

அக்கா வால்வைத் திருப்பினார். வந்ததெல்லாம் கழிவுப் பீப்பாய்க்குப் போனது. ஆய்வகத்தில் அன்று இருந்தவர் ஒரே ஒருவர். சோதனை முடிவு மாலையில்தான் வந்தது. அதற்குள் ஆறு மணி நேர மருந்து கழிவாகிவிட்டது. முடிவைப் பார்த்தால், அவ்வளவும் நல்ல மருந்து.

கெட்டுப்போயிருந்தால் அவருக்குப் பாராட்டுக் கடிதம் கிடைத்திருக்கும். நன்றாக இருந்ததால் விசாரணை வைத்தார்கள்.

"அக்கா, மருந்து நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் மேலாளர்.

"சந்தோஷம் சார்."

"அப்புறம் ஏன் கொட்டினீங்க?"

"அப்ப தெரியாதே சார். தெரியாம கொட்டினேன். தெரியாம அனுப்பச் சொல்றீங்களா?"

மேலாளர் என் பக்கம் திரும்பி, விதிமுறையை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். நல்ல தமிழ் ஆசிரியரிடம் படித்தவன். நிறுத்தி, தெளிவாக வாசித்தேன். வரியே தவறு என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். கருவி உறைந்திருந்ததும் அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் கேள்வி, அக்கா விதியை மீறினாரா என்பதுதான். என்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறவன் நான். அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அந்த ஆண்டு அவருக்கு வரவேண்டியிருந்த ஷிஃப்ட் தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது.

மறுநாள் அக்கா என் அறைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். அதற்கு முன் அவருக்காக நான் எழுந்து நின்றதில்லை.

"தம்பி, அந்த வரிய மாத்திருங்க."

"கடிதத்தப் பத்திப் பேச வந்தீங்கன்னு நெனச்சேன்கா."

"கடிதம் என் ஃபைலுக்குள்ள கெடக்கும். வரி மெஷின் பக்கத்துல ஒட்டியிருக்கு. நாளைக்கு வேற ஒருத்தி வந்து அதப் படிப்பா லா."

எண் கொஞ்சமும் அசையாமல் நின்றால் வால்வைத் திருப்ப வேண்டும் என்று மாற்றினேன். எந்த மாற்றத்துக்கும் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் "தெளிவுக்காக" என்று போட்டேன். அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "இதுதான் தெளிவா தம்பி?" என்று சிரித்துவிட்டுப் போனார். பிறகு மூன்று ஆண்டுகள் ஒன்றாக வேலை செய்தோம். என் மகள் பரீட்சை எழுதும் நாளெல்லாம் மெழுகுவர்த்தி ஏற்றினார். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் என் மேசையிலிருந்த பிஸ்கட்டையெல்லாம் பறிமுதல் செய்தார். அந்தக் கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

புக்கிட் மெர்தாஜாமில் அடக்கம் முடிந்தபின் அவருடைய மகள் ஸ்டெல்லா என்னிடம் வந்தார்.

"அம்மா அலமாரியில ஒரு வார்னிங் லெட்டர் இருந்துச்சு அங்கிள். அம்மா என்ன தப்பு பண்ணாங்க?"

"தப்பு பண்ணது நான்மா" என்றேன். கார்கள் கிளம்பிக்கொண்டிருந்தன, நின்றபடியே முழுவதையும் சொன்னேன். மூன்று ஆண்டுக்கும் மேலாகச் சொல்ல முடியாதிருந்ததற்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது.

ஸ்டெல்லா கேட்டுவிட்டு, "எழுதித் தருவீங்களா?" என்றார். அம்மாவின் மகள்.

திங்கட்கிழமை அந்த விதிமுறையைத் திறந்து காரணத்தை மாற்றினேன்: "முந்தைய வரி தவறு. எழுதியவன் நான். கண்டுபிடித்தவர் பிலோமினா சவரிமுத்து." இது இப்போது தேவையா என்று மேலாளர் கேட்டார், இரண்டு நாள் வைத்திருந்து கையெழுத்துப் போட்டார். எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெறும்படியும் எழுதியிருக்கிறேன். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஆலைக்கு ஒத்துவராத ஒரு பழக்கம். எந்த வரியையும் அதன்படி வேலை செய்யப்போகிறவரிடம் வாசித்துக்காட்டாமல் இப்போது நான் கையெழுத்துப் போடுவதில்லை. வேலை தாமதமாகிறது என்று புகார்கள் வருகின்றன.

இந்த அஞ்சலியையும் அனுப்புவதற்கு முன் ஸ்டெல்லாவுக்குப் போனில் வாசித்தேன். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"அம்மா அந்த லெட்டரப் பெரிசா எடுத்துக்கலைன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு நாள் சாப்பிடல அங்கிள்."

அந்த வரியை எடுத்துவிட்டேன்.