குவைத்தில் பரீதா தேடிய கூரை

பரீதா தாத்தா காலமான செய்தி குறுஞ்செய்தியாகத்தான் வந்தது. அவருடைய தம்பி அனுப்பியிருந்தார். தமிழ் எழுத்து வராத போன் என்பதால் ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதியிருந்தார். இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்த பிறகே விளங்கியது. சிறுநீரகம் கெட்டுப்போய்ப் பல மாதங்களாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தவர். எதிர்பார்த்திருந்த செய்திதான் என்றாலும் கையில் போனை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலச் சந்தியில் அவருடைய கொமினிகேஷனுக்கு வந்துபோன உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காக ஒன்று மட்டும் சொல்கிறேன்: எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். எனக்கும் அவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. கணவர் இறந்த பின் அவருடைய பலசரக்குக் கடையைப் பரீதா கொமினிகேஷனாக, அதாவது டெலிபோன் கடையாக, மாற்றினார். அங்கே போட்டோ கொப்பி எடுப்பது, டைப் அடிப்பது, வெளிநாட்டு அழைப்புகளை எடுத்துக் கொடுப்பது எல்லாம் என் வேலை. பரீதாவின் வேலை, புதிதாக என்ன வந்தாலும் அதைக் கம்பியூட்டரில் ஏற்றிப் பார்ப்பது.

இந்த வேலையால் நான் பட்ட அலுப்பு கொஞ்சமல்ல. இணையம் அப்போது டெலிபோன் கம்பியில்தான் வரும். பாதி இறங்கிக்கொண்டிருக்கும்போது யாராவது கடைக்கு அழைத்தால் எல்லாம் அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தமிழ் மின்னஞ்சல் என்று ஒன்றைத் திறந்தால் எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியாக வரும். ஒரு சேவையில் பதிந்தபோது, நீங்கள் வளர்த்த முதல் பிராணியின் பெயர் என்ன என்று கேட்டது. "நாம வளத்தது ஆடு. அதுக்கு யாரு பேரு வெச்ச?" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, ஆடு என்றே எழுதினார். பிறகு கடவுச்சொல் மறந்தபோது அந்த ஆட்டை எந்த எழுத்தில் எழுதினோம் என்பதும் மறந்துவிட்டது. நான் சலித்துக்கொண்டால், "யோகம், புதுசுன்னா மொதல்ல நம்மள கஷ்டப்படுத்தும். பொறகுதான் ஒதவும்" என்று என் பெயர் சொல்லித் தேற்றுவார். அந்தப் "பொறகு" பல சமயம் வரவே இல்லை.

அவர் கண்டுபிடித்தவற்றில் உருப்படியாக உதவியது, கம்பியூட்டர் வழியாகப் பேசும் இலவச அழைப்பு. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் வளைகுடாவில் வீட்டு வேலைக்குப் போன பெண்களின் தாய்மார். குரல் போய்ச் சேரத் தாமதமாகும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், பிறகு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுவார்கள். பரீதா பக்கத்தில் நின்று, "சொல்லிட்டுக் கொஞ்சம் பொறுங்க. மகளுக்குப் போய்ச் சேரட்டும்" என்று ஒவ்வொருவருக்கும் பழக்கினார்.

அப்படி வந்தவர்தான் பேச்சியம்மா. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். அவருடைய மகள் ஜெயந்தி குவைத்துக்குப் போன புதிதில் சில தடவை பேசினாள். பிறகு அழைப்பு நின்றுவிட்டது. பேச்சியம்மா சம்பள நாள் தவறாமல் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எதுவும் கேட்கமாட்டார். நாங்கள் தலையசைத்ததும் எழுந்து போய்விடுவார்.

அந்தச் சமயத்தில், வானத்திலிருந்து உலகத்தைப் பார்க்கும் மென்பொருள் ஒன்றைப் பரீதா இறக்கினார். அது இறங்கவே இரண்டு நாள் ஆனது. எங்கள் ஊரைத் தேடினோம். பச்சைக் கறையாகத் தெரிந்ததே தவிர, சந்தியும் இல்லை, கடையும் இல்லை. குவைத்தோ கார்களை எண்ணும் அளவுக்குத் துலக்கமாக இருந்தது. சமையலறை ஜன்னலில் நின்றால் நீலக் கோடு போட்ட தண்ணீர்க் கோபுரங்கள் தெரியும், தான் வேலை செய்யும் வீட்டு மொட்டை மாடியில் சிவப்புத் தண்ணீர்த் தாங்கி இருக்கிறது என்று ஜெயந்தி முன்பு சொல்லியிருந்தாள். அதை வைத்துக்கொண்டு பரீதா நாட்கணக்காகத் தேடி ஒரு கூரையைக் கண்டுபிடித்தார். பேச்சியம்மா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"இதுக்குக் கீழயா எம் மக இருக்கா?"

"இதுக்குக் கீழதான்."

பேச்சியம்மா திரையை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

இலங்கையில் யுத்தம் கடுமையாக இருந்த காலம். கடையில் வானத்திலிருந்து எடுத்த படம் பார்க்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு காலையில் பொலிஸ் வந்தது. கம்பியூட்டரைத் தூக்கினார்கள். அடையாள அட்டைகளைக் கேட்டார்கள். பரீதாவின் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். என் தமிழ்ப் பெயரையும் தோட்டத்து விலாசத்தையும் வாசித்ததும் ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். யாருக்காகப் படம் பார்த்தாய் என்ற ஒரே கேள்வியை ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். கூரை, தாய், தண்ணீர்க் கோபுரம் என்று நான் சொன்னது எனக்கே பொய்போலக் கேட்டது.

பரீதா பின்னாலேயே பஸ்ஸில் பொலிஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். வாசலில் அவர் சிங்களத்தில் சத்தமாகச் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது: "கடை என்னுடையது. கம்பியூட்டர் என்னுடையது. அந்தப் படத்தைப் போட்டதும் நான். அவளை விடுங்கள், நான் உட்காருகிறேன்." அவர்கள் என்னை விடவில்லை, அவரை உட்காரவும் சொல்லவில்லை. அவர் பொழுது சாயும்வரை நின்றுகொண்டே இருந்தார். இனி அந்தப் படம் கடையில் இருக்கக்கூடாது என்று எச்சரித்து என்னை வெளியே விட்டபோது அவருடைய கால்கள் வீங்கியிருந்தன. சந்திக்குப் பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும்போது, "பசிக்குதா புள்ள?" என்று மட்டும் கேட்டார்.

கம்பியூட்டர் திரும்பிவர வெகுநாளானது. உள்ளே எல்லாம் அழிந்திருந்தது. எனக்கு அந்தக் கடையே வெறுத்துவிட்டது. வாசலில் வாகனம் நின்றாலே எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவேன். வேறு வேலையும் இல்லாததால் போய்வந்துகொண்டிருந்தேன். பரீதாவோ புதிதாக எதையாவது ஏற்றிக்கொண்டுதான் இருந்தார். அத்தோடு என்னை அடிக்கடி மாத்தளைக்கு அனுப்பத் தொடங்கினார். பிரின்டருக்கு மை, ஒரு கட்டுக் கடதாசி, முத்திரை. "இதெல்லாம் இங்கயே கெடைக்குமே தாத்தா" என்றால், "அங்க நல்லது ஈக்கிது. மெதுவா பொய்ட்டு வாங்க" என்பார். நெரிசலில் தொங்கிக்கொண்டு, சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, முணுமுணுத்தபடி போய்வருவேன்.

அது எதற்கென்று மையத்து வீட்டில், பரீதாவை அடக்கம் செய்த அன்றுதான் தெரிந்தது. ஆண்கள் ஜனாஸாவை அடக்கம் செய்யத் தூக்கிக்கொண்டு போன பிறகு பெண்கள் மட்டும் உள்ளே இருந்தோம். பேச்சியம்மா கதவோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜெயந்தி. முந்தின நாள்தான் வந்திறங்கியிருந்தாள், பாதியாக மெலிந்து.

"நீங்க மாத்தளைக்குப் போற அன்னைக்கெல்லாம் நான் வருவேன் தங்கச்சி" என்றார் பேச்சியம்மா. "பரீதா ஒளிச்சு வெச்ச சீடியிலருந்து அந்தப் படத்த மறுபடி ஏத்திக் காட்டும். நான் கெளம்புனதும் அழிச்சிரும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"ஏன் ஒங்ககிட்ட சொல்லலன்னு நானும் கேட்டேன். 'அந்தப் புள்ள கடையில இருந்தா அவளத்தான் புடிப்பாங்க, என்ன விட்ருவாங்க, அவளுக்குத் தெரியாமலே இருக்கட்டும்'னு பரீதா சொல்லுச்சு."

கேட்டுக்கொண்டிருந்த ஜெயந்தி மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, நான் அந்த வீட்ல ரெண்டு மாசந்தான் இருந்தேன். பொறகு தூரத்துல வேற ஊருக்கு மாத்திட்டாங்க. அங்க போனையே தொடவிடல."

பேச்சியம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"பரவால்ல" என்றார். "கும்புட்டது கும்புட்டதுதான். அந்த வீட்லயும் எவ பெத்த புள்ளயாவது வேல செஞ்சிருக்கும்ல."

பரீதா கற்றுத்தர முயன்ற எதிலும் எனக்கு இன்றுவரை ஆர்வம் வரவில்லை. புதிதாக ஒன்று வந்தால் இப்போதும் அலுப்புத்தான் வருகிறது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை அந்த மாத்தளைப் பயணங்கள் மட்டுமே. நான் திட்டிக்கொண்டே பஸ்ஸில் போன ஒவ்வொரு பகலிலும், எனக்காக ஒருவர் பயத்தைத் தனியாக வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார்.