தாழ்மையுடன் கேட்ட யன்னல்

ஈரச் சீமெந்தின் மணம் பலருக்குப் பிடிக்கும். புது வீடு கட்டுகிற இடங்களில் அதை மூக்கால் இழுத்துச் சிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இன்றைக்கும் அந்த மணம் பட்டால் நெஞ்சு எரிகிறது. எனக்குப் பன்னிரண்டு வயதான வருடம் எங்கள் குசினி யன்னலை அப்பா தன் கையாலேயே கல் வைத்துச் சீமெந்து பூசி மூடினார். அந்தச் சீமெந்தை அரசாங்கம் தந்தது. அதற்குக் காரணமான கடிதத்தை எழுதியவள் நான்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்த எங்களுக்கு வன்னியில் ஒரு குளத்தின் கீழே வயலும், மேட்டுக்காணியும், ஒரே அச்சில் வார்த்தது போன்ற குடியேற்றத் திட்டக் கொலனி வீடுகளில் ஒன்றும் அரசாங்கத்திடமிருந்து கிடைத்திருந்தன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காணியோடு "பெர்மிட்" என்றொரு தாளும் வந்தது. விற்கக் கூடாது, ஈடு வைக்கக் கூடாது, பிள்ளைகளுக்குப் பிரிக்கக் கூடாது, பயிர் செய்யவும் குடியிருக்கவும் தவிர வேறெதற்கும் பாவிக்கக் கூடாது. அப்பா அந்தத் தாளைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். விளக்குக் கொளுத்தும்போது எதைக் கும்பிட்டார் என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அப்பம் சுடத் தெரியும். வயலுக்கும் வாய்க்கால் வேலைக்கும் போகிறவர்கள், பஸ்ஸில் வந்து இரண்டு நாள் கிடந்த பாணைக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வாங்கி வெறுந்தேத்தண்ணியில் நனைத்துத் தின்பதைக் கொஞ்சக் காலம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, ஒரு நாள் அலவாங்கை எடுத்துக் குசினியின் தெருப்பக்கச் சுவரில் இரண்டு முழ அகலத்துக்கு யன்னலாக இடித்து ஒரு பலகையும் வைத்துவிட்டார். மறுநாள் விடியவே சிரட்டை நெருப்பில் அப்பத் தாச்சி ஏறியது. ஒரு மாதத்துக்குள் "யன்னலடிக்குப் போவம்" என்பது எங்கள் கொலனியில் ஒரு வழக்கமாகிவிட்டது. குடியேற்ற உத்தியோகத்தர், நாங்கள் "கொலனி ஐயா" என்று சொல்பவர், அவரும் பியோனை அனுப்பித் தினமும் நாலு பாலப்பம் எடுப்பித்தார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு மேல் இல்லை. அதற்குப் பிறகு முள்ளியவளையில் தெரிந்த ஒரு வீட்டில் என்னை விட்டுப் படிப்பிக்க வேண்டுமென்று அம்மா யன்னலடியில் நின்றபடியே தீர்மானித்திருந்தார். "இவள் வாசிக்கட்டும், நான் சுடுறன்" என்பார்.

அப்பாவுக்குத்தான் நித்திரை இல்லை. எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும், நாளைக்கு ஒருத்தரும் விரல் நீட்டக் கூடாது என்பது அவர் கொள்கை. என் கையெழுத்து நல்லது என்பதால் கொழும்புக்குப் "பெட்டிசம்" எழுத என்னைக் கதிரையில் இருத்தினார். யன்னலுக்கும் அப்ப வியாபாரத்துக்கும் அனுமதி தரும்படி மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம் என்று எழுதினேன். "இன்னொருக்கா தாழ்மையுடன் போடு பிள்ளை" என்றார். போட்டேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் "நானா" என்று கூப்பிடுபவர், அப்போது யன்னலடியில் நின்று அப்பம் தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணை, அடுப்பு உங்கட, மா உங்கட, சுடுறது அக்கா. பசி எங்கட. இதுக்குள்ள கொழும்புக்கு என்ன அலுவல்?"

"சுவர் அரசாங்கத்தின்ரை, நானா."

"அப்ப கறையானுக்கும் பெர்மிட் குடுத்திருக்கோ?"

அம்மா தாச்சியைச் சுழற்றியபடியே, "இருக்கிறதை ஏன் போய்க் கேக்கிறியள்?" என்றார். அப்பா கடித உறையை ஒட்டினார்.

பதில் சிங்களத்தில் வந்தது. நான் தமிழில் அத்தனை அழகாக எழுதியதற்கு, எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வாசிக்க முடியாத இரண்டு வரி. கொலனி ஐயாதான் வந்து வாசித்தார். குடியேற்றத்தில் வியாபாரம் சங்கக்கடைக்கு மட்டுமே உரியது. சுவரைப் பழையபடி ஆக்க வேண்டும். தவறினால் பெர்மிட் பறிக்கப்படும்.

"ஏன் ஐயா கேட்டனீங்கள்?" என்று அவர் அப்பாவிடம் கோபித்தார். "கேளாமல் இருந்திருந்தா நானும் காணாத மாதிரி இருந்திருப்பன். இப்ப கடதாசி வந்திட்டுது. இனி நான் கண்ணை மூட ஏலாது."

அன்று பின்னேரமே அரைப்பை சீமெந்து வந்து இறங்கியது. கிணற்றுக் கட்டு வெடித்துக் கிடக்கிறது என்று அப்பா இரண்டு வருடமாகக் கேட்டு வராத சீமெந்து. அப்பா கல் அடுக்க, அம்மா தாச்சியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மறுநாள் காலை யன்னலடிக்கு வந்தவர்கள் சுவரைப் பார்த்துவிட்டுச் சங்கக்கடைக்கு நடந்தார்கள். ஆறு மாதம் தின்றவர்களில் ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை; பெர்மிட் எல்லோர் வீட்டிலும் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. நானா மட்டும் சைக்கிளை நிறுத்தி, மூடிய சுவரில் இரண்டு தரம் தட்டி, "அக்கா, நாலு" என்று கூப்பிட்டார். அம்மா அன்றைக்குத்தான் அழுதார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றேன். சரித்திரப் பாடத்தில் குளம் கட்டிய அரசர்களின் பெயர்களைப் பாடமாக்கியிருந்தேன். அந்தக் குளங்களின் கீழே இருந்த பெண்கள் தங்கள் அடுப்படியில் ஒரு ஓட்டை வைக்க யாரைக் கேட்டார்கள் என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. பிறகு எத்தனையோ மேடைகளில் சுதந்திரம் என்ற சொல்லை உரத்துச் சொல்லக் கேட்டுவிட்டேன். என்னைக் கேட்டால், அதன் அகலம் இரண்டு முழம். குளம் கட்டித் தாருங்கள், தெருப் போடுங்கள், கள்ளனைப் பிடியுங்கள். பசித்தவனுக்கும் அப்பம் சுடுகிறவளுக்கும் நடுவில் உங்களுக்கு என்ன வேலை? இதை அன்றைக்கு எழுதியிருக்க வேண்டும். நாலு பேருக்கு முன்னால் பேசக் கூசுகிற நான் இன்றைக்குத்தான் எழுதுகிறேன், இதிலும் தாழ்மை என்ற சொல் பேனை நுனிவரை வந்து நிற்கிறது.

பல வருடங்களுக்குப் பிறகு, சண்டை ஓய்ந்திருந்த ஒரு இடைவெளியில் அந்த வீட்டைப் போய்ப் பார்த்தேன். அம்மாவும் அப்பாவும் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். சங்கக்கடை இருந்த இடம் தெரியவில்லை; யன்னலடியில் நின்று தின்றவர்கள் எங்கே என்று கேட்க அயலில் ஆளில்லை. எங்கள் வீட்டில் கூரை இல்லை, கதவு இல்லை. குசினிச் சுவர் மட்டும் நின்றது. அதில் ஷெல் பட்டு அப்பா அடுக்கிய கல்லெல்லாம் தெருவில் சிதறிக் கிடக்க, அதே இடத்தில் அதே அகலத்துக்கு யன்னல் திறந்திருந்தது.

திறந்தவர்கள் எவரிடமும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள்.